றங்குப் பெட்டியும் இரண்டு காலுறைகளும்

கடந்த மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் மூத்த மகன் தொலைபேசியில் அழைத்தான். சுகம் விசாரித்து முடிந்த பின்னர், சிறிது தயங்கி, “அம்மா, அந்த ரெண்டு சொக்ஸும் இன்னும் வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டான். அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. மகளுக்கு நான்கு வயது நிறைந்திருக்கிறது. எந்தக் காலுறைகள் என்று நான் கேட்கவில்லை. அலுமாரியின் மேற்தட்டில், பழைய சேலைத் துண்டொன்றில் சுற்றி, கடவுச்சீட்டுகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் பெட்டிக்குள்தான் அவையும் இருக்கின்றன.

காலுறைகளைக் கடவுச்சீட்டுகளோடு வைத்துப் பாதுகாப்பவள் புத்தி பேதலித்தவளோ என்று வாசகர் ஐயுறலாம். ஆதலால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் 1994ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வந்து, அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஸ்காபுறோவில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் அறையெடுத்து எங்களுக்காகக் காத்திருந்தார். மகனுக்கு அப்போது நான்கு வயது. அவன் பிறந்த 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டுக் கொளுத்திய விளக்கொளியிலேயே அவனுக்குப் பால் பருக்கினேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எனவே, அப்பிள்ளை தன் வாழ்நாளில் தொலைக்காட்சி என்ற ஒன்றைக் கண்டதில்லை. வந்த முதல் நாள், கணவர் அந்தப் பெட்டியை இயக்கியதும் அவன் ஓடிச் சென்று அதன் பின்புறத்தைப் பார்த்தான். அங்கு எவரும் இல்லை என்று கண்டதும் மேசைக்குக் கீழே புகுந்துகொண்டான்.

மேசைக்குக் கீழே புகுவது அவனுக்குப் புதிதன்று. வானத்தில் விமானம் இரைந்தால் அவனுக்குத் தெரிந்த ஒரே செயல் அதுதான். ஸ்காபுறோ வானில் பயணிகள் விமானங்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேசைக்குக் கீழே போனான் என்று நான் எண்ணியதுமுண்டு.

அதைவிட என்னை வருத்தியது அவனுடைய மௌனம். வீட்டில் எங்களோடு ஓரிரு சொற்கள் பேசுவான். வெளியில் ஒரு சொல்லும் இல்லை. மின்தூக்கியில் அயலவர் எவரேனும் ஏறினால் அவன் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். அருகிலிருந்த பாடசாலையில் பிற்பகல் பாலர் வகுப்பில் சேர்த்தோம். ஆறு வாரங்கள் கழித்து ஆசிரியை என்னை அழைத்தார். பிள்ளை இதுவரை ஒரு வார்த்தையேனும் பேசவில்லை, செவிப்புலன் பரிசோதிக்கப்பட்டதா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நானும் ஓர் ஆசிரியையே என்று சொல்ல நாவெழுந்தது, சொல்லாமல் திரும்பிவிட்டேன். அன்றிரவு அவனை முன்னால் இருத்தி, “சொல்லு, குட் மோர்ணிங் சொல்லு” என்று அரை மணி நேரம் வதைத்தேன். அவன் சொல்லவில்லை. கை நீட்டிவிட்டேன். அந்த அடி இன்னமும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அவன் ஏன் பேசவில்லை என்பதற்கு நான் அயலில் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு மாசி மாதத்தில் ஓர் இரவு கிளாலிக் கடல் நீரேரியைப் படகில் கடந்தோம். கடற்படை வரக்கூடிய நீர்ப்பரப்பு. முந்திய ஆண்டில் அவ்வழியில் பலர் கொல்லப்பட்டிருந்தனர். படகு நகர்ந்த அவ்வளவு நேரமும் என் வலக்கை அவன் வாயை மூடியிருந்தது. பின்னர் கொழும்பில் ஒரு விடுதியில் ஏழு மாதங்கள். தெருவில் தமிழில் பேசாதே, கேட்டால் தலையை மட்டும் ஆட்டு என்று நாளும் பொழுதும் ஓதிக் கொடுத்தவளும் நானே. கற்பித்ததை நன்றாகக் கற்றுக்கொண்ட மாணவனை, கற்றுக்கொண்டதற்காக அடித்த ஆசிரியை நான்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் எழுதிவிட வேண்டும். 1991ஆம் ஆண்டின் இறுதியில், தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சிறுமி ஒருத்தி என் நான்காம் வகுப்பில் சேர்ந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. அடக்கமின்மை என்று கருதி அவளை வாங்கின் மீது ஏற்றி நிறுத்தினேன். இரண்டு நாட்கள் ஒரு பாடவேளை முழுவதும் நின்றாள். மூன்றாம் நாள் வரவில்லை. அவர்கள் குடும்பம் வேறிடம் போய்விட்டதாக மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். கலைப் பட்டதாரி, உளவியலும் ஒரு பாடமாகக் கற்றவள். என் கல்வி அந்த வாங்கடியில் எனக்கு உதவவில்லை.

கணவருக்கு இரவில் உணவகத்தில் சமையலறை வேலை. எனக்கு மாலையில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை. காலைப் பொழுதில் அவர் உறங்குவார். பிள்ளை சத்தமின்றி இருக்க வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சியை மெல்லிய ஒலியில் வைத்துவிடுவேன். அவ்வாறுதான் எங்கள் வீட்டினுள் மிஸ்ரர் ட்றெஸ்அப் வந்தார்.

இந்நாட்டில் பிள்ளை வளர்த்த வாசகர் பலர் அவரை அறிந்திருப்பர். அறியாதவர்க்காகச் சில வரிகள். கனடிய அரச ஒலிபரப்புத் தாபனமான சீ.பீ.சீ., ரொறன்ரோவிலேயே தயாரித்த சிறுவர் நிகழ்ச்சி அது. 1967 பெப்ரவரியில் தொடங்கி, 1996 பெப்ரவரியில் கடைசிப் பதிவு நடைபெறும் வரை ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் புதிதாகத் தயாரிக்கப்பட்டது. அதன் பின்னரும் 2006 வரை மறு ஒளிபரப்பு நடந்தது. மிஸ்ரர் ட்றெஸ்அப்பாக நடித்தவர் ஏர்னி கூம்ஸ். அவரும் இந்நாட்டிற் பிறந்தவர் அல்லர். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் பிறெட் றொஜர்ஸ் என்பவர் ரொறன்ரோவில் ஒரு சிறுவர் நிகழ்ச்சி நடத்த வந்தபோது, பொம்மையாட்ட உதவியாளராக உடன் வந்தார். றொஜர்ஸ் தம் நாட்டுக்குத் திரும்பிச் சென்று அங்கே பெரும் புகழ் பெற்றார். கூம்ஸ் இங்கேயே தங்கிவிட்டார். கனடியக் குடியுரிமை பெற்றது 1994இல்தான் என்று பிற்காலத்தில் வாசித்தேன். நாங்கள் வந்திறங்கிய அதே ஆண்டு. இவ்வளவு காலம் அவர் ஏன் காத்திருந்தாரோ!

நிகழ்ச்சியில் பெரிதாக ஒன்றும் நடைபெறாது. இதைத்தான் முதலில் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மூக்குக் கண்ணாடி அணிந்த, நடுவயது கடந்த ஒருவர் மேசையருகே நிற்பார். கடதாசி வெட்டுவார், ஒட்டுவார். மலசலகூடக் கடதாசி சுற்றிவரும் மட்டைக் குழாயிலிருந்து ஒரு யானை செய்வார். பெரிய தாளில் தடித்த பேனாவால் நாலு கோடு இழுப்பார், அது நாயாகிவிடும். வெட்டும்போது அவருக்கு அவசரமே இல்லை. பிழைத்தாற் சிரித்துக்கொண்டு திருத்துவார். இவற்றுக்கெல்லாம் பின்னணியில் ஒரு பியானோ, அவர் நடந்தால் நடந்து, தடுக்கினாற் தடுக்கி, உடன் வந்துகொண்டேயிருக்கும். வாசித்தவர் டொனால்ட் ஹைம்ஸ் என்ற இசைஞர். கூத்தாடியின் காலடியைப் பார்த்துப் பார்த்து அடிக்கும் மத்தளக்காரனே என் நினைவில் வந்தான். ஆங்கிலம் அரைகுறையாக விளங்கிய நான் அந்தப் பியானோவைக் கொண்டே பாதிக் கதையை அறிந்துகொண்டேன். என் மகனும் அவ்வாறே அறிந்திருக்க வேண்டும்.

பிறகு, அவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். பூவேலை தீட்டிய பெரிய றங்குப் பெட்டி. அதற்கு அவர்கள் வேறொரு வேடிக்கைப் பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது எப்போதும் றங்குப் பெட்டிதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. அம்மாவின் கூறைச்சேலையும் காணி உறுதிகளும் அதற்குள் நாப்தலீன் உருண்டையோடு கிடக்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. இந்த மனிதருடைய பெட்டியிலோ, அன்றைக்கு எது வேண்டுமோ அது இருந்தது. தீயணைப்பாளரின் தொப்பி, அரசனின் அங்கி, கிழவியின் முக்காடு. உடுத்தவுடன் அவர் அந்த ஆளாகிவிடுவார். களைந்ததும் பழையபடி கண்ணாடி அணிந்த மனிதர். உடுத்து வந்த உடுப்போடு மட்டும் நாட்டை விட்டு வந்த ஒருவர்க்கு அந்தப் பெட்டி என்னவாகத் தெரிந்திருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

பொம்மைகளும் வரும். கையுறை போல உள்ளே கைவிட்டு ஆட்டப்படுபவை. நாங்கள் பார்த்த காலத்தில் செஸ்ரர் என்றொரு காகமும் வேறு சிலவும் இருந்தன. அவர் அவற்றோடு பேசும் முறைதான் எனக்கு வியப்பு. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உண்மையாகவே காத்திருப்பார். முகத்தில் அந்தக் காத்திருப்பு தெரியும். துணியினுள் இருக்கும் ஒரு கைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். நான் வகுப்பில் கேள்வி கேட்டு எத்தனை கணம் காத்திருந்தேன் என்று எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

தமிழ் படித்தவளுக்குப் பாவை என்றதும் திருக்குறள்தான் நினைவுக்கு வரும். நாணமற்றவர் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவைக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். உயிரில்லாதது உயிருள்ளது போல மயக்குவது பாவை என்றே நானும் பல ஆண்டுகள் படிப்பித்தேன். எங்கள் மண்ணில் சிறுவர் அரங்கு இல்லாமற் போய்விடவும் இல்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களின் ‘கூடி விளையாடு பாப்பா’ நாடகத்தை நாங்கள் அறிவோம். அதையும் நான் விழா மேடைக்குரியதாகக் கருதினேனே அன்றி, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை வகுப்புக்குரியதாகக் கருதியதில்லை.

மார்கழியில், பனி கொட்டிய ஒரு காலைப்பொழுது. சமையலறையில் நின்றேன். கூடத்திலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. தொலைக்காட்சி என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் நிகழ்ச்சி எப்போதோ முடிந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். தகப்பனுடைய சாம்பல் நிறக் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, பிள்ளை பேசிக்கொண்டிருந்தான். ஆங்கிலம். பாதி சொல், பாதி வெறும் ஓசை. ஆனால் நிறுத்தாமற் பேசினான். காலுறை வாயைத் திறந்து திறந்து மூடியது.

கணவரை எழுப்பினேன். “இஞ்சாருங்கோ, பிள்ளை கதைக்கிறான்.” அவர் வாசலில் நின்று கேட்டார். இருவரும் மூச்சுவிடவில்லை. பின்னர் அவர் ஒன்றும் பேசாமல் மற்றக் காலுறையையும் எடுத்து வந்து கதிரையின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வேலைக்குச் சோடி மாறிய காலுறைகளோடு போனார்.

ஆசிரியையிடம் சொன்னேன். அவர் காலுறையைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொன்னார். தைப்பொங்கல் கழிந்த வாரம், வருகைப் பதிவெடுக்கும்போது, என் மகனுடைய பெயருக்குக் காலுறை பதில் சொன்னதாம். மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை என்று ஆசிரியை சிறப்பாகக் குறிப்பிட்டார். பல மாதங்கள் அந்தக் காலுறைதான் வகுப்பில் பேசியது. அவர் அதனிடமே கேள்வி கேட்டார். அதனிடமே நன்றியும் சொன்னார். என்னுடைய பெருமைக்கு அது சற்றும் உகந்ததாக இல்லை. எனினும் அந்த அம்மையாரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சிக்கல் வீட்டில் தோன்றியது. காலுறையுடன் நான் தமிழில் பேசினேன். அது வாயை மூடிக்கொண்டது. மகன் என்னை இரக்கத்துடன் பார்த்துச் சொன்னான்: “அம்மா, இதுக்குத் தமிழ் விளங்காது.”

சிரிக்க வேண்டிய இடந்தான். எனக்கோ அடிவயிறு கலங்கியது. பிள்ளைக்கு வாய் திறந்ததே என்று மகிழ்வதா, திறந்த வாய் வேற்றுமொழிக்குத் திறந்ததே என்று வருந்துவதா? அந்த நாட்களில் எங்கள் கூட்டங்களில் எல்லாரும் பேசியது இதுவே: தொலைக்காட்சி பிள்ளைகளை விழுங்குகிறது, தமிழ் அழிகிறது. நானும் அவ்வாறு மேடையில் பேசியவள்தான். ஒரு வாரம் தொலைக்காட்சியின் மின்னிணைப்பைக் கழற்றி வைத்தேன். மகன் கேட்கவில்லை, அழவில்லை. மீண்டும் மேசைக்குக் கீழே போய் இருந்தான். எட்டாம் நாள் நானே இணைப்பைப் பொருத்தினேன்.

பிறகுதான் அந்த மற்றக் காலுறை நினைவுக்கு வந்தது. சட்டைப் பொத்தான் இரண்டைக் கண்ணாகத் தைத்தேன். சிவப்பு நூலில் ஒரு வாய். அதைக் கையில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இது இப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியிருக்கிறது, இதற்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது, குளிருகிறதாம் என்றேன். அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் காலுறையின் வாயை என் காலுறையின் காதருகே கொண்டுவந்து ஏதோ முணுமுணுத்தான். பின்னர் தன் சொந்தக் குரலில், தமிழில், எனக்கு விளங்கப்படுத்தினான்: “பயப்பிடாதையாம். இஞ்சை வாற பிளேன் குண்டு போடாதாம்.”

நான் எழுந்து குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

அதன் பின்னர் இரு காலுறைகளுக்கும் இடையில் அவனே மொழிபெயர்ப்பாளன். குடிவரவு அலுவலகத்துக்கு நாங்கள் போனபோது எங்களுக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளரைவிட அவன் திறமையானவன் என்று கணவர் சொல்லுவார்.

அடுத்த ஆண்டு, பாடசாலைச் சபை நடத்திய சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றில் எனக்குப் படிப்பிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் நாள் கரும்பலகையில் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் எழுதிவிட்டுத் திரும்பினேன். வாங்கில் ஏற்றி நிறுத்திய சிறுமியின் முகம் இருபத்திரண்டு தடவை தெரிந்தது. இரண்டாம் வாரம் ஒரு பழைய பயணப்பெட்டியில் கந்தல் துணிகளும் காலுறைகளும் மட்டைக் குழாய்களும் நிரப்பிக்கொண்டு போனேன். ஆமைக்குத் தமிழ் கற்பிப்பது எப்படி என்று ஒருவன் கேட்டான். ஆமையிடமே கேள் என்றேன்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுத முடியாது. பெற்றோர் சிலர் முறையிட்டனர். “ரீச்சர், நாங்கள் பிள்ளையளை எழுத்துப் படிக்க அனுப்பினால், நீங்கள் சொக்ஸ் தைக்கிறியள்” என்று ஒரு தகப்பனார் வகுப்பு வாசலில் நின்று கேட்டார். அவர் இரண்டு வேலை செய்பவர். சனிக்கிழமை ஓய்வை இழந்து பிள்ளையைக் கூட்டி வந்தவர். அவர் கோபத்தில் நியாயமுண்டு. என் பிள்ளைகள் மற்ற வகுப்புப் பிள்ளைகளைவிட எழுத்தில் பின்தங்கினார்கள் என்பதும் உண்மை. என் சொந்த மகனே இன்று தமிழ் நன்றாகப் பேசுவான். இப்பத்திரிகையை அவனால் வாசிக்க முடியாது. இக்கட்டுரையையும் நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

பின்னொரு கோடையில் அவனை நகர மையத்திலுள்ள சீ.பீ.சீ. கட்டடத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த சிறிய அருங்காட்சியகத்தில் நிகழ்ச்சியின் மரவீடு வைக்கப்பட்டிருந்தது. (அந்த அருங்காட்சியகம் 2017இல் மூடப்பட்டுவிட்டது.) அருகில் நின்ற முதிய பெண்மணி ஒருவர், தம் பிள்ளைகள் காலத்தில் அம்மரவீட்டில் கேசி என்ற பிள்ளைப் பொம்மையும் பினிகன் என்ற நாயும் இருந்தன என்று சொன்னார். ஜூடித் லோறன்ஸ் என்ற கலைஞர் இரு கைகளாலும் ஆட்டிய பொம்மைகள் அவை. 1990இல் அவர் ஓய்வு பெற்றபோது அவையும் போய்விட்டன. அப்பெண்மணி என் மகனிடம் குனிந்து சொன்னது இது: பினிகன் ஒருபோதும் வாய்விட்டுப் பேசாது, கேசியின் காதுக்குள் மட்டும் சொல்லும், கேசி அதை மற்றவர்க்குச் சொல்லும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாய் பேசவில்லை, எவரும் அதைப் பேசச் சொல்லி வற்புறுத்தவுமில்லை.

நாங்கள் பார்க்கத் தொடங்கியபோது அந்த நாய் போய் நான்கு ஆண்டுகள். என் மகன் அதைக் கண்டதேயில்லை. ஆனால் மரவீட்டின் முன் அவன் நெடுநேரம் நின்றான்.

ஏர்னி கூம்ஸ் 2001ஆம் ஆண்டு செப்ரெம்பர் 18ஆந் திகதி காலமானார். நியூயோர்க்கில் கோபுரங்கள் வீழ்ந்து ஒரு வாரம். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்நாட்களில் இச்செய்தி பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்தது போலத்தான் எனக்கு நினைவு. மகனுக்கு அப்போது பதினொரு வயது. செய்தியைச் சொன்னபோது தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அன்று மாலை காலுறைகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போனதையும் கண்டேன். 2023இல் அந்நிகழ்ச்சியைப் பற்றிய ஆவணப்படம் ரொறன்ரோ திரைப்பட விழாவில் மக்கள் தெரிவு விருது பெற்றது. அதை வீட்டில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். பினிகன் கேசியின் காதருகே சாயும் காட்சி வந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சென்ற வாரம் காலுறைகளை எடுத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததற்கு ஒரு கண் கழன்றிருந்தது. என்னுடைய குளிர்ச்சட்டையிலிருந்து ஒரு பொத்தானை அறுத்துத் தைத்தேன்; நிறம் பொருந்தவில்லை. சனிக்கிழமை மகன் வந்து எடுத்துப் போனான். இரவு தொலைபேசி வந்தது.

“எதைப் போட்டவள்?” என்று கேட்டேன்.

“ரெண்டையும். ஒவ்வொரு கையிலும் ஒண்டு. ஒண்டு மற்றதின்ரை காதுக்குள்ளை ஏதோ சொல்லிச்சுது.”

“என்னவாம்?”

“கேட்டனான் அம்மா. இன்னும் சொல்லேல்லை. பாத்துக்கொண்டிருக்கிறன்.”